பெயரில்லாப் பெட்டியின் பயணம்

1975 ஜனவரியில் அமெரிக்காவின் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' பத்திரிகை ஒரு கம்ப்யூட்டரை அட்டைப்படமாகப் போட்டது. பெயர் ஆல்டேர் 8800. நியூ மெக்சிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திவந்த எம்ஐடிஎஸ் என்ற சின்ன கம்பெனியின் தயாரிப்பு. உதிரிபாகங்களாக வாங்கி நீங்களே சால்டரிங் வைத்துக்கொண்டால் 439 டாலர். கம்பெனியே வேலையை முடித்து அனுப்பினால் 621 டாலர். வீட்டுக் கம்ப்யூட்டர் சந்தைக்கு வந்தபோதே இப்படி இரண்டு விலையோடுதான் வந்தது. நாமே அசெம்பிள் செய்வதா, பிராண்டட் வாங்குவதா என்று சென்னையின் கம்ப்யூட்டர் கடைத் தெருவான ரிச்சி தெருவில் இன்றைக்கும் நடக்கிற பேச்சுக்கு வயது ஐம்பது ஆகிவிட்டது.

அட்டைப்படத்தில் இருந்தது வெறும் கூடு. அசல் இயந்திரம் நியூயார்க் போகும் வழியில் பார்சலில் தொலைந்துபோனது. படம் எடுப்பதற்காக உள்ளே ஒன்றுமில்லாத பெட்டி ஒன்றை அவசரமாகத் தயார் செய்து அனுப்பினார்கள். அப்படியும் ஆர்டர் குவிந்தது. வாங்கியவர்களுக்குக் கிடைத்தது என்ன என்று பார்த்தால் அந்த ஆசையின் அளவு புரியும். இன்டெல் 8080 புராசஸர், 256 பைட் மெமரி, அவ்வளவுதான். கீபோர்டு இல்லை, திரை இல்லை. முன்பக்கத்துச் சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளித் தள்ளி ஒவ்வொரு பைட்டாக ஏற்ற வேண்டும். விடை சின்னச் சின்ன விளக்குகளாக எரியும். ஒரு சால்டரிங் சரியாகப் பிடிக்காவிட்டால் அதுவும் எரியாது.

இந்தப் பெட்டியின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் புராசஸரைவிட உள்ளே இருந்த கனெக்டர்தான். மலிவாகக் கிடைத்த 100 பின் கனெக்டர்களை ராபர்ட்ஸ் வாங்கி வைத்திருந்தார். எல்லா சர்க்யூட் அட்டைகளும் அதில் செருகுகிற மாதிரி வடிவமைத்தார். கூடுதல் மெமரி அட்டையை எம்ஐடிஎஸ் சொன்ன நேரத்தில் தர முடியாமல் திணறியபோது, அந்த 100 பின்னுக்குப் பொருந்துகிற அட்டைகளை வேறு ஆட்கள் செய்து விற்க ஆரம்பித்தார்கள். பின்னாளில் அதற்கு எஸ்-100 என்று பெயரே வந்துவிட்டது. ஒருவர் செய்த பெட்டிக்குள் இன்னொருவர் செய்த பாகம் பொருந்தும் என்ற வழக்கம் அங்கேதான் வேர்பிடித்தது. அசெம்பிள்டு கம்ப்யூட்டரின் உயிர்நாடி இதுதான். இந்தப் பொருத்தம் இருக்கும்வரை அந்தப் பெட்டி வாழும். இது போனால் அதுவும் போகும்.

அடுத்த ஆண்டு ஸ்டீவ் வாஸ்னியாக் வடிவமைத்த ஆப்பிள் 1 வந்தது. கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூவில் 'பைட் ஷாப்' நடத்திய பால் டெரல் ஐம்பது வேண்டும் என்றார், ஆனால் பாகம் பாகமாக வேண்டாம், சால்டரிங் முடித்த போர்டாகக் கொடுங்கள் என்று நிபந்தனை போட்டார். சில்லறை வியாபாரி ஒருவர், தன் வாடிக்கையாளரில் எல்லோராலும் சால்டரிங் செய்ய முடியாது என்று கண்டுகொண்ட நேரம் அது. 1977இல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 மூன்றும் வந்தன. மூன்றுமே வாங்கி பிளக்கைச் சொருகினால் ஓடும் ஜாதி. சொந்தமாகக் கோக்கும் வழக்கம் அதோடு முடிந்துவிடும் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

அதைக் காப்பாற்றியது, அப்படி ஒரு எண்ணமே இல்லாத ஐபிஎம்.

பெரிய பெரிய மெயின்ஃபிரேம்களை விற்றுக்கொண்டிருந்த ஐபிஎம், சின்ன கம்ப்யூட்டர் சந்தையில் பின்தங்கிவிட்டதைப் பார்த்து, ஃபுளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் ஒரு சிறு குழுவிடம் வேலையை ஒப்படைத்தது. குழுவுக்குத் தலைமை டான் எஸ்ட்ரிட்ஜ். கெடு ஒரு வருஷம். எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்வதுதான் ஐபிஎம் பழக்கம், அதற்கு இந்த அவகாசம் போதாது. ஆகவே வெளியில் கிடைத்ததை வாங்கிப் போட்டார்கள். 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் இன்டெல் 8088 புராசஸர். ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மைக்ரோசாஃப்ட். அட்டை செருக ஐந்து ஸ்லாட். 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகம், ஆரம்ப விலை 1,565 டாலர். உலகத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி, அவசரத்தில், ஓர் அசெம்பிள்டு சிஸ்டத்தைச் செய்து தன் பெயர்ப்பலகையை ஒட்டியது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

போர்டின் சர்க்யூட் படங்களை, பயாஸ் எனப்படும் ஆரம்ப புரோகிராமின் முழு வரிகளோடு, தொழில்நுட்பக் கையேடாக அச்சடித்தே விற்றார்கள். மற்றவர்கள் அட்டை செய்து கொடுத்தால் தங்கள் பெட்டி அதிகம் விற்கும் என்ற கணக்கு. காப்பியடிக்க முடியாத ஒரே பாகம் அந்த பயாஸ்தான், அதற்குப் பதிப்புரிமை இருந்தது. கையேட்டை அச்சிட்டது ஒருவகையில் பூட்டாகவும் வேலை செய்தது. அதைப் படித்த ஒருவர் அதேமாதிரி எழுதினால், பார்த்து எழுதினாய் என்று வழக்குப் போடலாம்.

பூட்டைத் திறந்தவர்கள் ஹூஸ்டன்காரர்கள். 1982இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வேலையை விட்டு வந்த ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் மர்ட்டோ மூவரும் சேர்ந்து காம்பேக் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஓர் உணவகத்தில் தட்டுக்கடியில் விரிக்கும் தாளில்தான் முதல் படம் வரைந்தார்கள் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் கதை. பயாஸுக்கு அவர்கள் எடுத்த வழி சுவாரசியமானது. ஒரு குழு ஐபிஎம் பயாஸைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதித் தரும். அந்த புரோகிராம் வரிகளை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதும். சட்டத்துக்கு உட்பட்டு, ஐபிஎம் மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு பயாஸ் பிறந்தது. 1983இல் சந்தைக்கு வந்த காம்பேக் போர்ட்டபிள் முதல் வருஷத்திலேயே 53,000 விற்றது.

காம்பேக் தன் பயாஸைத் தனக்கென்று வைத்துக்கொண்டது. ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் அதே முறையில் ஒன்றை எழுதி, 1984 முதல் யார் காசு கொடுத்தாலும் உரிமம் தந்தது. அசெம்பிள்டு பெட்டியின் பயணத்தில் ஒரே ஒரு திருப்பத்தைச் சொல்லச் சொன்னால் நான் இதைச் சொல்வேன். பயாஸ் கடைச்சரக்கு ஆன பிறகு, ஐபிஎம்முக்குப் பொருந்துகிற மதர்போர்டு செய்யப் பெரிய கம்பெனியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. தைவான் எழுந்தது. ஜிகாபைட், எம்எஸ்ஐ இரண்டும் 1986இல் ஆரம்பித்தவை. ஏசரில் வேலை பார்த்த நான்கு இன்ஜினியர்கள் 1989இல் ஆசுஸ் தொடங்கினார்கள். இன்றைக்கு ரிச்சி தெருவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் மதர்போர்டு டப்பாக்களில் பெரும்பாலும் இந்தப் பெயர்களைத்தான் பார்க்கிறோம்.

ரெடிமேட் பெட்டிக்கு அடையாளமாக நாம் சொல்லும் டெல் நிறுவனமும் இந்த வழியில் வந்ததுதான். 1984இல் மைக்கேல் டெல் என்ற மாணவர் டெக்சாஸ் பல்கலைக்கழக விடுதி அறையில் ஐபிஎம்முக்குப் பொருந்தும் பெட்டிகளுக்குக் கூடுதல் பாகம் மாட்டி விற்றார். கேட்டதைக் கேட்டபடி கோத்துக் கொடுப்பதே வியாபாரம். மேசையை விரித்து ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருக்கும் எந்தக் கடைப் பையனும் செய்கிற அதே வேலை. இன்னொரு மாணவர் கதையும் உண்டு. ஹெல்சிங்கியில் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஜனவரியில் வாங்கியது ஒரு பிராண்டு இல்லாத 386 பெட்டி. லினக்ஸ் அதில்தான் எழுதப்பட்டது.

கை நழுவியதைத் திரும்பப் பிடிக்க ஐபிஎம் 1987இல் பிஎஸ்/2 வரிசையைக் கொண்டுவந்தது. ஸ்லாட்டையே மாற்றி, மைக்ரோ சேனல் என்று பெயரிட்டு, பயன்படுத்த உரிமத்தொகை கேட்டது. மற்ற கம்பெனிகள் சேர்ந்துகொண்டு மறுத்துவிட்டன, பழைய ஸ்லாட்டையே நீட்டித்துக்கொண்டன. ஐபிஎம் தோற்றது. பொருத்தத்தை ஒருவர் மட்டும் கையில் வைத்துக்கொள்ள நினைத்தால் சந்தை அவரை விட்டுவிட்டு நகரும் என்பது அன்றைக்கு நிரூபணமானது. எப்போதும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவை வெளியிட்டது. மதர்போர்டு 305க்கு 244 மில்லிமீட்டர், திருகுத் துளைகள் இன்னின்ன இடத்தில், பின்பக்க போர்ட்டுகள் இந்தச் செவ்வகத்துக்குள், பெட்டிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் இந்த உயரம் இந்த அகலம். அதற்கு முந்தைய ஏடி என்ற அளவின் காலத்தில் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு கனெக்டர்கள் வரும், இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். இடம் மாற்றிச் சொருகினால் போர்டு கருகும். "கருப்பும் கருப்பும் பக்கத்துல வரணும்" என்று அந்தக் கால மெக்கானிக்குகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஏடிஎக்ஸ் வந்தபின் ஒரே கனெக்டர், ஒரே பக்கமாகத்தான் போகும். 1999இல் வாங்கிய ஏடிஎக்ஸ் கேபினெட் வீட்டில் துருப்பிடிக்காமல் இருந்தால், போன மாதம் வந்த மதர்போர்டு இன்றைக்கும் அதன் திருகுத் துளைகளில் சரியாக உட்காரும். வேறு எந்த மின்சாதனத்தில் இப்படி முப்பது வருஷப் பொருத்தம் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ரிச்சி தெரு அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பும் சின்னத் தெரு. பக்கத்தில் நரசிங்கபுரம் தெருவும் சேர்த்தி. ரேடியோ, ஆம்ப்ளிஃபையர் உதிரிபாகம் விற்று வளர்ந்த இடம். கம்ப்யூட்டர் பாகம் அங்கே போய்ச் சேர்ந்தது இயல்பாக நடந்தது. ஏற்கெனவே ரெசிஸ்டரையும் ஐசியையும் பேர் சொல்லிக் கேட்டு வாங்கும் ஆட்கள் வந்துபோகும் தெரு, ராம் கேட்டு வருகிறவருக்கும் இடம் கொடுத்தது. 1997இல் இந்தியா உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் சேர்ந்து இறக்குமதி வரியைப் படிப்படியாகக் குறைத்தபிறகு சரக்கு பெருகியது. ஊர் ஊராக பிரவுசிங் சென்டர் திறந்தபோது உள்ளே இருந்தவை பெரும்பாலும் அசெம்பிள்டு பெட்டிகள். டிடிபி கடை, கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோ, டேலியில் கணக்குப் போடும் மண்டி, வீட்டு மாடியில் நடந்த கம்ப்யூட்டர் வகுப்பு என்று எல்லா இடத்திலும் அதே பெயரில்லாத வெளிர்ப் பெட்டிதான். தமிழில் தட்டச்சு செய்யக் கற்ற ஒரு தலைமுறையின் விரல் அந்தப் பெட்டியின் கீபோர்டில்தான் பழகியது.

அன்றைய விலைக் குறைவுக்கு ஒரு காரணத்தை மறைக்கக் கூடாது. பல கடைகளில் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதாக இருக்காது, பில்லும் இருக்காது. பிராண்டட் பெட்டி விண்டோஸுக்கும் வரிக்கும் சேர்த்துப் பணம் கேட்டது. அசல் விண்டோஸ் விலையைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தால் வித்தியாசம் பாதியாவது கரைந்திருக்கும். இன்றைக்கு அசெம்பிள் பண்ணுகிறவர் ஜிஎஸ்டி பில்லோடு, அசல் விண்டோஸோ லினக்ஸோ போட்டுக்கொண்டுதான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால், சாதாரண ஆபீஸ் வேலைக்கான பெட்டியில் ரெடிமேட் பல சமயம் மலிவாகவே இருக்கும்.

ஒரு பெட்டி பிறப்பதைக் கிட்டே நின்று பார்த்தால்தான் இந்த விவகாரம் புரியும். கடையில் முதலில் வருவது கேள்விகள்.

"எதுக்கு சார் யூஸ் பண்ணப் போறீங்க?"

"வீடியோ எடிட்டிங். பையன் கொஞ்சம் கேம் ஆடுவான்."

"அப்ப கிராபிக்ஸ் கார்டு வேணும். கேபினெட் லைட்டுக்குக் காசு போடாதீங்க சார், எஸ்எம்பிஎஸ்ல போடுங்க."

நல்ல கடைக்காரரை இந்த ஒரு வாக்கியத்தில் அடையாளம் காணலாம். 450 வாட் என்று லேபிள் ஒட்டிய மலிவு எஸ்எம்பிஎஸ்கள் பல வருஷமாக இந்தச் சந்தையில் ஓடுகின்றன. அதில் பாதியையாவது நிலையாகத் தருமா என்பது சந்தேகம். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், எடை இருக்காது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் சின்னது, ஹீட் சிங்க் மெலிசு, பாதுகாப்பு சர்க்யூட் பேருக்கு. வோல்டேஜ் ஏறி இறங்கும் நம் ஊர்களில் இது போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். 80 பிளஸ் சான்று உள்ள ஒன்றை வாங்கினால் மூன்று புராசஸர் மாறினாலும் அது நிற்கும்.

பிறகு மேசையில் வேலை. கடைப் பையன் முதலில் கேபினெட்டின் இரும்பைத் தொட்டுக்கொள்கிறான், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிட. மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைக்கிறான். சாக்கெட்டின் கம்பி நெம்புகோலைத் தூக்கி, புராசஸரின் மூலையில் இருக்கும் தங்கநிற முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வைக்கிறான். அழுத்தக் கூடாது, தானாக உட்கார வேண்டும். நெம்புகோலைக் கீழே தள்ளும்போது மெல்ல நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். புதிதாகச் செய்கிறவருக்கு நெஞ்சு நின்றுவிடும், ஆனால் அந்தச் சத்தம் வரத்தான் வேண்டும். பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட். அதன்மேல் கூலர். நான்கு ராம் ஸ்லாட்டில் இரண்டு ராம் போடுவதானால் புராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். கேபினெட்டில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு சோதனை: ஸ்க்ரூடிரைவர் முனையால் போர்டின் இரண்டு பின்களைத் தொட்டு இணைக்கிறான். அவ்வளவுதான், ஃபேன் சுற்ற ஆரம்பிக்கிறது. நாம் தினமும் அழுத்தும் பவர் பட்டன் செய்வதும் அந்த இரண்டு பின்களைத் தொடவைப்பதுதான்.

புதிய டிடிஆர்5 ராம் என்றால் முதல் தடவை திரை சில நிமிஷம் கருப்பாகவே இருக்கலாம். போர்டு தன் மெமரியைப் பழகிக்கொண்டிருக்கிறது. இதைத் தெரியாமல் பயந்து ஸ்விட்சை அணைத்துவிடுகிறவர்கள் நிறைய. கேபினெட்டுக்குள் ஏற்றும்போது போர்டைத் தாங்கும் பித்தளை ஸ்டாண்டாஃப் ஒன்று தேவையில்லாத இடத்தில் இருந்தால் போர்டின் முதுகில் பட்டு ஷார்ட் ஆகும். முன்பக்க ஒயர்கள் கடைசி வேலை, அரிசி அளவு கனெக்டர்கள், கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் மாட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் வெவ்வேறு நாட்டுப் பாகங்கள் ஒரே பெட்டியாகின்றன. புராசஸரின் மூடியிலேயே இந்தப் பயணம் பொறித்திருக்கும். ரைசன் 3600 ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அமெரிக்கா, தைவான், சீனா என்று மூன்று பெயர்கள். உள்ளே இருக்கும் ஒரு சில்லு நியூயார்க் மாநிலத்தில், இன்னொன்று தைவானில் விளைந்தது, இரண்டையும் சேர்த்து ஒட்டியது சீனாவில்.

பிறந்தபின் அதன் வாழ்க்கை நோயும் மருத்துவமும் நிறைந்தது. 2000ஐ ஒட்டிய வருஷங்களில் செய்த மதர்போர்டுகளில் கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கத் தலை வீங்கி வெடித்தன. உள்ளே ஊற்றிய எலக்ட்ரோலைட் திரவம் தரமில்லாதது. போர்டையே தூக்கிப்போடச் சொன்னார்கள் பெரிய சர்வீஸ் சென்டர்களில். ரிச்சி தெருவில் வீங்கிய கெபாசிட்டரை மட்டும் எடுத்துவிட்டு சில ரூபாய் கெபாசிட்டரை சால்டர் செய்து ஓட வைத்தார்கள். "நோ டிஸ்ப்ளே" என்று வரும் பெட்டிக்கு முதல் வைத்தியம் பள்ளிக்கூட ரப்பர்தான். ராமை உருவி, அதன் தங்கநிறத் தொடுபட்டைகளை ரப்பரால் தேய்த்து, துடைத்து, திரும்பச் சொருகுவார்கள். கடற்காற்று படும் ஊரில் படியும் மெல்லிய படலம் போய்விடும், பெட்டி எழுந்துவிடும். 2011 அக்டோபரில் தாய்லாந்தில் வெள்ளம் வந்து வெஸ்டர்ன் டிஜிட்டலின் ஆலை முழுகியபோது, இங்கே ஹார்ட் டிஸ்க் விலை சில வாரத்தில் இரட்டிப்பானது. பழைய டிஸ்க்கை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் மாற்றியவர்கள் தப்பித்தார்கள்.

இந்தத் தப்பிக்கும் வழிதான் அசெம்பிள்டு பெட்டியின் அசல் லாபம். அதன் ஆயுள் பெட்டிக்கு ஒன்றாக இல்லாமல் பாகத்துக்குப் பாகம் தனித்தனியாக ஓடுகிறது. 2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் உள்ள போர்டு வாங்கி முதல் ரைசனைப் போட்டவரால், 2022இல் பயாஸை அப்டேட் செய்து அதே போர்டில் 5800எக்ஸ்3டி போட முடிந்தது. இன்டெல் பக்கம் அவ்வளவு தாராளம் இல்லை, இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை சாக்கெட்டை மாற்றுவது அவர்கள் வழக்கம். ஆனாலும் கேபினெட், எஸ்எம்பிஎஸ், எஸ்எஸ்டி, மானிட்டர் எல்லாம் மிஞ்சும். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு நின்றது. விண்டோஸ் 11க்குப் பழைய புராசஸர்கள் ஆகாது. அசெம்பிள்டு பெட்டிக்காரர் போர்டு, புராசஸர், ராம் மூன்றையும் மாற்றினால் போதும். ரெடிமேட் பெட்டிக்காரர் பலருக்கு மொத்தப் பெட்டியும் போகிறது.

ஏன் போகிறது என்று அறிய ரெடிமேட் பெட்டி ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். ரிச்சி தெருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் தொழிற்சாலை நடக்கிறது. அங்கே வந்து சேருவதும் இதே உலகத்து சில்லுகள்தான். வித்தியாசம் உள் அளவுகளில். பல பிராண்டட் டெஸ்க்டாப்களில் போர்டின் வடிவம் ஏடிஎக்ஸ் கிடையாது. எஸ்எம்பிஎஸ் கனெக்டரில் 24 பின்னுக்குப் பதில் ஆறோ எட்டோ இருக்கும். பவர் பட்டனும் ஃபேனும் அந்தக் கம்பெனிக்கே உரிய ஒயரில் வரும். கெட்டால் அதே பாகம்தான் வேண்டும், அது மூன்று வருஷத்துக்குப் பிறகு எங்கே கிடைக்கும் என்பது அதிர்ஷ்டம். இந்த அளவு மாற்றத்தில் நியாயமான காரணமும் உண்டு: பெட்டி சின்னதாகிறது, மின்சாரம் குறைகிறது. ஆனால் விலை சொல்லும் இடத்தில் இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

யாருக்கு ரெடிமேட் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. இருநூறு பெட்டி வாங்கும் கல்லூரி, கிளை அலுவலகம், ஊரில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு ஆசிரியர், இவர்களுக்கு ரெடிமேட்தான். ஒரே பில், ஒரே வாரன்டி, ஒரே போன் நம்பர், வீட்டுக்கே ஆள் வருவார். அசெம்பிள்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரன்டி. போர்டு கெட்டதா, ராம் கெட்டதா என்று நீங்களே கண்டுபிடித்து, பில்லைத் தேடி எடுத்து, அந்தந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஆர்எம்ஏ எனும் வாரன்டிக் கோரிக்கை போட்டுக் காத்திருக்க வேண்டும். 2020க்குப் பின் இரண்டு வருஷம், கிரிப்டோ மைனிங்காலும் சிப் தட்டுப்பாட்டாலும் கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடைக்காமல் போனபோது, கார்டோடு வந்த பிராண்டட் பெட்டி தனிக் கார்டைத் தேடுவதைவிட மலிவாக இருந்த விசித்திரமும் நடந்தது. இத்தனையும் சொன்னபிறகும், வேலைக்காக மெஷினை நம்பி இருக்கிற ஸ்டுடியோக்காரருக்கும், படிக்கிற பையனுக்கும் பெண்ணுக்கும், நான் அசெம்பிள் செய்யவே சொல்வேன். தன் கையால் ஒரு தடவை ராமைச் சொருகியவர், மெஷின் ஸ்லோ என்றால் அடுத்த பெட்டி வாங்க ஓட மாட்டார். எந்தப் பாகம் இழுக்கிறது என்று பார்ப்பார்.

இப்போது அந்தப் பொருத்தத்துக்கு நெருக்கடி வந்திருப்பது இயற்பியல் பக்கமிருந்து. ஆப்பிள் 2020இல் எம்1 சிப்போடு மெமரியையும் ஒரே பேக்கேஜில் வைத்துவிட்டது. பழுதுபார்க்க எளிதான லேப்டாப் செய்வதையே கொள்கையாக வைத்திருக்கும் ஃபிரேம்வொர்க் கம்பெனி 2025இல் அறிவித்த டெஸ்க்டாப்பிலும் ராம் போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருந்தது. கேட்டதற்கு அவர்கள் சொன்ன காரணம், அந்த ஏஎம்டி சிப் எதிர்பார்க்கும் வேகத்தில் செருகும் ராமில் சிக்னல் நிலைக்கவில்லை என்பது. ஸ்லாட்டின் தொடுமுனையும் நீளும் பாதையும் அந்த வேகத்துக்குத் தடை. இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. ஆகவேதான் கவலை அதிகம். 1987இல் ஐபிஎம்மை விட்டு நகர்ந்த மாதிரி இதைவிட்டு நகர முடியாது. இன்னொரு பக்கம் வியாபாரம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான், கடைகளில் தனியாக விற்றுவந்த குரூஷியல் ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. தனிப் பாகம் விற்கும் கடைக்குச் சரக்கு தருகிறவர் ஒருவர் குறைந்தார்.

இந்த நிலையில் புதிதாகக் கோக்கிறவருக்கு நான் சொல்வது இதுதான். ராம் விலைக்குப் பயந்து ரெடிமேட் பக்கம் போகவேண்டாம், அவர்களும் அதே ராமைத்தான் அதே சந்தையில் வாங்குகிறார்கள், சீக்கிரமோ தாமதமாகவோ விலையில் ஏற்றுவார்கள். நான்கு ராம் ஸ்லாட் உள்ள போர்டாகப் பாருங்கள். இப்போதைக்கு 16 ஜிபி ஒன்று மட்டும் போடுங்கள். ஒற்றை ராமில் வேகம் கொஞ்சம் குறையும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் அது கண்ணுக்கே தெரியும், பரவாயில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். பில்களை ஒரு கவரில் போட்டுக் கேபினெட்டின் உள்பக்கமே ஒட்டிவையுங்கள். விலை இறங்கும்போது அதே மாடல் ராம் இன்னொன்று வாங்கி, பக்கவாட்டு மூடியின் இரண்டு திருகைக் கழற்றி, நீங்களே போட்டுக்கொள்ளலாம்.